பிடி தளரும்போது

2021 மே மாதத்திலிருந்து தமிழக அரசின் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கருங்குழியில் பஸ் ஏறும் எழுபது வயதுப் பாட்டிக்கு டிக்கெட்டைவிடப் படிதான் பெரிய கவலை. கம்பியை இறுகப் பற்றி உடம்பை மேலே இழுக்கக் கையில் வலு வேண்டும். வீட்டிலும் அதே கதைதான்: குழாயைத் திருகுவது, ஈரப் புடவையைப் பிழிவது, தேங்காய் துருவுவது, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பது.

இந்த வலுவை அளக்க டைனமோமீட்டர் என்ற சிறு கருவி உண்டு. உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, கருவியின் பிடியை முடிந்தமட்டும் அழுத்த வேண்டும். முதியோரின் தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-இல் ஒரு வரம்பு வகுத்தது: ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பிடி பலவீனம். இந்தியாவில் 2017-18-இல் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என 72,000-க்கும் அதிகமானோரிடம் நடந்த ‘லாசி’ முதுமை ஆய்விலும் கைப்பிடி அளக்கப்பட்டது.

கையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? உடம்பு முழுக்கத் தசை கரைவது அங்கே எளிதாகத் தெரிந்துவிடும் என்பதால்தான். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிடி 5 கிலோ குறைந்திருந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஆகவே கை வலுவுக்காகப் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. கால், இடுப்பு, முதுகுத் தசைகளுக்கும் வேலை வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம். “வயசான காலத்துல ரசஞ்சோறு போதும்” என்பவர்கள் தட்டில் பயறு, முட்டை, மீன் என ஏதாவது புரதம் சேர வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யலாம்.

“விடும்மா, நான் திறக்கிறேன்” என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது பாசம்தான். ஆனால் வேலை நின்றால் தசை இன்னும் வேகமாகக் குறையும். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குவது, திருகு குழாய்க்குப் பதில் நெம்பு குழாய், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி ஆகியவை முதியவர்களையே செய்யவிடும் வழிகள்.

எல்லாத் தளர்ச்சியும் வயதால் வருவதல்ல. கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம், மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது, நாள்பட்ட சர்க்கரை நோய் ஆகியவையும் பிடியைக் கெடுக்கும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

ஒரு பக்கக் கை மட்டும் திடீரெனத் துவண்டால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.