பழைய வீடியோ கேம்: அடப்டரைப் பார்த்து வாங்குங்கள்

ஜப்பானில் பாவித்த பழைய வீடியோ கேம் இயந்திரங்களைத் தருவித்து விற்க எண்ணும் வியாபாரிகள், விலை பேசுமுன் அடப்டரில் அச்சிட்டிருப்பதை வாசிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமது நாட்டில் 230. அங்குள்ள பழைய ட்ரான்ஸ்போமர் அடப்டரை இங்கே நேரடியாகச் செருகினால் அது சூடேறிக் கருகிவிடும்.

அடப்டர் போனால் சிறு நஷ்டம். இயந்திரமே போவது வேறு வழியில். நின்டெண்டோ கொம்பனி 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபெமிகொம், 10 வோல்ட் நேரோட்டத்தில் இயங்குவது. அதே கொம்பனி 1985இல் அமெரிக்காவில் வெளியிட்ட என்.இ.எஸ். இயந்திரத்தின் அடப்டரோ 9 வோல்ட் ஆடலோட்டம் தருவது. அதன் முனை ஃபெமிகொமிலும் பொருந்தும் என்பதுதான் வில்லங்கம்! ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதி என்.இ.எஸ்.இன் உள்ளே உண்டு, ஃபெமிகொமில் இல்லை. மாற்றிச் செருகினால் ஃபெமிகொம் பழுதாகும்.

சேகாவின் மெகா ட்ரைவில் முதல் மொடலுக்கு முனையின் நடுப்பகுதி மறை, இரண்டாவது மொடலுக்கு நேர். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என விற்கப்படும் மலிவு அடப்டர்களில் இதைக் கவனிப்பவர் குறைவு.

ஃபெமிகொமுக்கு ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. 230 வோல்டில் இயங்கி, 10 வோல்ட் நேரோட்டமும் குறைந்தது 850 மில்லிஅம்பியரும் தரக்கூடிய, நடுப்பகுதி மறையான அடப்டர் போதும். 2000இல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷன் 2 அப்படியல்ல. மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் மாற்றுவதற்கு அடப்டர் கிடையாது. 230ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமரும் சேர்த்தே விற்க வேண்டிவரும். அதன் விலையை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.