சுவரொட்டி ஒட்டத்தானா வாலிபர்?

தேர்தல் வந்துவிட்டால் நம் தேசத்து வாலிபர்களுக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. பசை வாளி தூக்க வாலிபர் வேண்டும். கொடி கட்ட வாலிபர் வேண்டும். தலைவரின் காருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பறக்க வாலிபர் வேண்டும். வாக்குச்சாவடியில் விடியற்காலை முதல் பட்டினியாக உட்கார்ந்து பட்டியலில் பெயர் அடிக்கவும் வாலிபரே வேண்டும். அபேட்சகர் யார் என்ற பேச்சு எழும்போது மட்டும், "தம்பி, நீ இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்" என்கிறார்கள். எத்தனை காலம் என்று தம்பி கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வருவதில்லை.

திருப்பூர்ப் பிரதேசத்து வாலிபர் எத்தனை காலம் பொறுத்தார் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் தமிழ்நாட்டில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடப்பதாக இருந்தது. பழங்குடி மக்களுக்குரிய இட ஒதுக்கீட்டைப் பற்றிய வழக்கில், அம்மாதம் 4-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. மாதம் முடிவதற்குள் பழைய மன்றங்களின் ஆயுளும் முடிந்தது. அன்று முதல் திருப்பூர் மாநகராட்சியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. வரி விதித்ததும் அதிகாரிகள். செலவு செய்ததும் அதிகாரிகள். கேள்வி கேட்க வேண்டியவரின் நாற்காலியிலும் அதிகாரியே உட்கார்ந்திருந்தார். மறுபடி வோட்டுப் பெட்டி வந்தது 2022 பிப்ரவரி 19-இல்! 2016-இல் இருபத்தொரு வயது நிரம்பி, நிற்பதற்குச் சட்டப்படி தகுதி அடைந்த ஒரு வாலிபருக்கு, முதல் சந்தர்ப்பம் கிட்டியபோது இருபத்தேழாவது வயது நடந்துகொண்டிருந்தது.

இருபத்தேழு என்ற எண் திருப்பூருக்குப் புதிதல்ல. 1932 ஜனவரி 10-ஆம் தேதி கொடி ஏந்தி ஊர்வலம் வந்து, தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்த குமரனுக்கு வயது இருபத்தேழுதான். குமரன் சேர்ந்து உழைத்த சங்கத்தின் பெயர் தேசபந்து வாலிபர் சங்கம். தேசபந்து என்று ஜனங்கள் அழைத்த சித்தரஞ்சன் தாஸ் 1924-இல் கல்கத்தா நகரசபைக்கு மேயரானபோது, அந்த மாபெரும் நகரத்தின் பிரதம நிர்வாக அதிகாரியாக யாரைப் பிடித்து உட்கார வைத்தார்? சுபாஷ் சந்திர போஸை. அவருக்கும் அப்போது இருபத்தேழு வயதே. கல்கத்தாவின் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் ஓர் இருபத்தேழு வயதுக்காரரிடம் நம்பி ஒப்படைக்க தாஸ் தயங்கவில்லை. உயிரைக் கொடுப்பதற்குப் போதுமான வயது, வார்டுச் சாக்கடையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் போதாத வயதாகிவிடுமா?

இனி, நெருப்பெரிச்சலுக்கு வருவோம். திருப்பூருக்கு வடக்கே உள்ள இவ்வூர் முன்பு ஒரு தனிப் பஞ்சாயத்து. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளோடும், தொட்டிபாளையம், மண்ணரை முதலிய பஞ்சாயத்துக்களோடும் சேர்த்து இதுவும் திருப்பூர் மாநகராட்சிக்குள் இணைக்கப்பட்டது. இணைப்பினால் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நஷ்டத்தை ஒருவரும் கணக்கில் எழுதவில்லை. கிராமப் பஞ்சாயத்தில் தலைவரும் வார்டு அங்கத்தினர்களும் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. சிறிய வார்டு, சில நூறு வோட்டு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு வாலிபர், ஷிப்டு முடிந்தபின் வீடு வீடாக நடந்தே பிரசாரத்தை முடித்துவிடலாம். தலைவர் எவருடைய வாசலிலும் அவர் டிக்கெட்டுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இணைப்புக்குப் பின் அந்தக் கதவு மூடிக்கொண்டது. இப்போது மாநகராட்சிக்கு மொத்தம் 60 வார்டு. ஒவ்வொன்றும் பழைய பஞ்சாயத்து வார்டுகள் பலவற்றை விழுங்கக்கூடியது. கட்சிச் சின்னம் இல்லாதவர் ஜயிப்பது அபூர்வம். மேயரையும் 2022-இல் ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஏணியின் அடிப்படிகள் பெயர்க்கப்பட்டபின், ஏறி வராதவனைச் சோம்பேறி என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

பலன் என்ன? கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதை எதிர்த்து, 2025-இல் நெருப்பெரிச்சல் ஜனங்கள் வீதியில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று. குப்பை எங்கே போகவேண்டும் என்பது மன்றத்தில் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். மன்றத்தில் உரக்கப் பேச ஆள் இருந்தால் லாரியை மறிக்க ஆள் திரட்ட வேண்டிய அவசியம் இராது.

பணமில்லாதவன் எப்படி நிற்பது என்பார்கள். சட்டம் ஏழைக்கு அவ்வளவு விரோதமாக இல்லை. 2022-இல் மாநகராட்சிக் கவுன்சிலர் பதவிக்கு டிபாசிட் 4,000 ரூபாய். ஆதி திராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. அபேட்சகர் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 85,000 ரூபாய். நூறு தொழிலாளர்கள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டால் அரை லட்சம். சட்டத்துக்கு உட்பட்ட பிரசாரத்துக்கு அது தாராளம். சட்டசபைக்கு நிற்பதென்றால் செலவு வேறு தினுசு. 2022 முதல் வரம்பு 40 லட்சம். வயதும் இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் வார்டிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். பெரிய பதவிக்குப் போனவர்களில் பலர் சிறிய மன்றத்தில் பழகியவர்களே. ராஜாஜி 1917-இல் சேலம் நகரசபைக்குத் தலைவர். ஜவாஹர்லால் 1923-இல் அலகாபாத் நகரசபைக்குத் தலைவர்.

"அதெல்லாம் பெரியவர்கள் கதை, இந்தக் காலத்தில் நடக்குமா?" என்று கேட்பவருக்காக மூன்று பெயர்கள் சொல்கிறோம். 2021 அக்டோபரில் தென்காசி மாவட்டத்து வெங்கடாம்பட்டிப் பஞ்சாயத்துக்கு 21 வயது சாருகலா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே தேர்தலில் திருநெல்வேலிச் சிவந்திப்பட்டியில் ஜயித்த பெருமாத்தாளுக்கு வயது 90! ஆக, ஜனங்கள் வயதைப் பார்த்து வோட்டுப் போடுவதில்லை. வயதைப் பார்ப்பவர்கள் டிக்கெட் கொடுப்பவர்கள்தான். 2022 மார்ச்சில் சென்னை மாநகரின் மேயராகப் பதவியேற்ற ஆர். பிரியாவுக்கு வயது 28. அப்பதவி அம்முறை தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது; சட்டம் கதவைத் திறந்த பிறகே அவ்வகுப்பிலிருந்து முதல் பெண் மேயர் சென்னைக்குக் கிடைத்தார். பக்கத்து ராஜ்யத்துத் திருவனந்தபுரத்தில் 2020 டிசம்பரில் ஆரியா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானார். அவர் காலத்தில் சச்சரவுகளும் எழுந்தன. 2025 தேர்தலில் அவருடைய கட்சி அந்த நகரை இழக்கவும் செய்தது. நரைத்த தலைகள் ஆண்ட நகரங்களில் சச்சரவு வந்ததில்லையா, கட்சி தோற்றதில்லையா?

நிற்க. வாலிபர் என்பதனாலேயே ஒருவரை ஆதரிக்கும்படி நாம் சொல்லவில்லை. தகப்பனார் மாவட்டத்தைக் கட்டி ஆள, பிள்ளையாண்டான் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு "இளைஞர்களின் குரல்" என்று வருவதும் நடக்கிறது. வயது இருபத்திரண்டு, யோசனையோ நூறு வருஷத்துக்கு முந்தியது! இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. நெருப்பெரிச்சலிலோ அதைச் சுற்றியுள்ள எந்த வார்டிலோ வோட்டுக் கேட்டு வருபவரிடம் சில கேள்விகள் போட்டுப் பாருங்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்று அவருக்குத் தெரியுமா? நொய்யலில் சாயநீர் கலப்பதைத் தன் கட்சிக்காரர் பட்டறையிலும் தடுப்பாரா? கைமடி வேலைக்கு வரும் பெண்கள் இரவு ஷிப்டு முடிந்து நடக்கும் தெருவில் விளக்கு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாரா? பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பாரா, அல்லது "வெளியூர்க்காரன்" என்று மேடையில் கைதட்டல் வாங்குவாரா? ஜாதிக்கொரு சுடுகாடு இருப்பதைப் பற்றி அவர் வாய் திறப்பாரா? பதில் சொல்லும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரன் என்றோம். இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஓவர்லாக் மிஷினிலும் செக்கிங் டேபிளிலும் உழைக்கும் வாலிபர்களில் எத்தனையோ பேர் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்து வருஷமாக இங்கே வாடகை கொடுப்பார். இங்கேயே தண்ணீருக்கு அலைவார். பெயர் மட்டும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் கிடக்கும். தேர்தல் வந்தால் பஸ் ஏறி ஊருக்குப் போய் வோட்டுப் போட்டுவிட்டுத் திரும்புவார். இந்நகரப் பட்டியலில் பெயர் இல்லாதவர் இங்கே வோட்டுப் போடவும் முடியாது, நிற்கவும் முடியாது. நகரத்தை உழைத்து நடத்துகிறவர் நகரத்தின் மன்றத்துக்கு அந்நியராகவே இருந்துவிடுகிறார். குமரன் பிறந்தது திருப்பூரில் அல்ல, சென்னிமலையில். அவரும் பிழைக்க வந்தவர்தான். இன்று அவரை எந்த ஊர்ப் பெயரோடு சேர்த்து அழைக்கிறோம்?

ஆகையால் தொண்டர்களின் வேலை தேர்தல் அறிவித்த பிறகு ஆரம்பிப்பதல்ல. வாடகை லைன் வீடுகளில் போய், இங்கேயே தங்கிவிட்டவர்களின் பெயரைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபைகள் கூடத் தொடங்கின. அங்கே வாலிபரை எழுந்து பேசப் பழக்கவேண்டும். வசூலிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுக்கவேண்டும். தேர்தல் முடிந்த முப்பது நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால், மூன்று வருஷங்களுக்கு அபேட்சகராக நிற்கும் தகுதியை இழக்க நேரும். தோற்ற துக்கத்தில் வாலிபர்கள் அலட்சியம் செய்வது இதைத்தான். பெரிய கட்சிக்கு இதைக் கவனிக்க வக்கீல் இருக்கிறார். தனியாக நிற்கும் வாலிபருக்குக் கணக்குத் தெரிந்த ஒரு நண்பர் வேண்டும். பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கா பஞ்சம்?

2022 மார்ச் 2-இல் பதவியேற்ற நகர மன்றங்களின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஆயுள் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 2016-இலும் அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட 27 மாவட்டங்களின் கிராம மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5-இல் ஆயுள் முடிந்தபோது, தேர்தல் வரவில்லை. தனி அதிகாரிகள் வந்தார்கள்.