வீட்டுத் திண்ணையே முதல் மக்தப்



பத்ருப் போர்க் கைதிகளுள் ஈட்டுத்தொகை தர இயலாதோர், மதீனத்துச் சிறார்க்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. அத்தகைய சிறப்புடைய பணியை, “படிக்காத எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்” என்று கூறி நம் தாய்மார்கள் பலர் கைவிட்டுவிடுகின்றனர். வாப்பா வளைகுடாவிலோ கடலிலோ இருக்கும் இல்லங்களில் இச்சொல்லை அடிக்கடி கேட்கிறோம்.

இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1939இல் உலகப்போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீரெனக் கிராக்கி உண்டாயிற்று. எட்டு வயதுச் சிறுவரான அவர் அவற்றைச் சேகரித்துக் கடையில் விற்று, நாளொன்றுக்கு ஓரணா ஈட்டினார். சகோதரி ஜொஹராவின் கணவர் ஜலாலுத்தீன் கூறிய போர்ச் செய்திகளைத் தினமணியின் தலைப்புகளில் தேடிப் பார்த்தார்.

செவியால் கேட்டதை அச்சில் கண்டுகொள்வதே வாசிப்பின் தொடக்கம். கையால் எண்ணியதே கணக்கின் தொடக்கம். இவ்விரண்டையும் வீடே தரவல்லது.

ஆகவே, மஃரிபுக்குப்பின் நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். உம்மா கதை சொல்லட்டும். ராத்தா எழுதிக் காட்டும் பெயரைச் சிறுபிள்ளை மணலில் விரலால் வரையட்டும். பத்துப் புளியங்கொட்டைகளை எண்ணவைத்து, மூன்றைக் கைக்குள் மறைத்து, “மறைந்தவை எத்தனை?” என்று கேளுங்கள். தவறினால் அதட்டாதீர்கள், மீண்டும் எண்ணச் செய்யுங்கள். அதட்டப்பட்ட பிள்ளை கணக்கை அல்ல, அச்சத்தையே கற்றுக்கொள்ளும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.