காற்றைக் கற்றல்

நுழையும்முன்

நீந்தும் முறையை நூலில் படித்துவிட்டு ஆழமான நீரில் இறங்க இயலாது. நீருக்குப் பொருந்தும் இவ்வுண்மை காற்றுக்கும் பொருந்தும். வானில் நேரக்கூடிய இடர்களை வேண்டுமென்றே உண்டாக்கி, அவற்றிலிருந்து மீளும் வழியைப் பழக்கும் பயிற்சி ஒன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகிறது. இடர் நேரும் நொடியில் அறிவும் உடலும் எவ்வாறு இணைந்து செயற்பட வேண்டும் என்பதை அப்பயிற்சியின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் காற்று

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்த ஊர் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவால் புகழ்பெற்றது. அவ்வூரிலிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத்தொடர்ச்சி மலை நெடுமதிலென எழுந்து நிற்பதைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் பெருமழை பொழிந்தபின், முகடுகளையும் கணவாய்களையும் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பகுதியில் சுழலும் காற்றாலைகள் அக்காற்றின் வலிமைக்குச் சான்றாக நிற்கின்றன.

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர்கள் தமிழர்கள். காற்றின் திசையை அறிவது உழவர்க்கும் கடலோடிக்கும் வாழ்வின் தேவையாக இருந்தது. இன்று துணிச்சிறகின் துணையால் வானில் மிதப்பவர்க்கோ அது உயிரின் தேவையாகிவிட்டது.

மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வாகமன் என்னும் ஊர் உள்ளது. அதன் புல்வெளிக் குன்றுகளில் 'பாராகிளைடிங்' எனப்படும் சிறகுப் பறத்தல் நடைபெறுகிறது. 2024 மார்ச்சு மாதத்தில் பன்னாட்டுப் போட்டியும் அங்கு நடத்தப்பெற்றது. மலைச்சரிவில் மோதும் காற்று மேலெழுந்து சிறகைத் தாங்குகிறது. ஆனால், அதே காற்று முகட்டைக் கடந்து மறுபுறம் இறங்கும்போது ஒழுங்கற்ற சுழல்களாக உடைகிறது. ஆற்றுநீர் பாறையின் முன்புறம் மோதி உயர்வதையும் பின்புறம் சுழித்து ஓடுவதையும் நாம் கண்டிருப்போம். நீரில் கண்ணுக்குத் தெரியும் சுழி, காற்றில் தெரிவதில்லை. பறப்பவர் எதிர்கொள்ளும் இடர்களுள் பல இத்தகைய காணப்படாச் சுழல்களிலிருந்து தொடங்குகின்றன.

துணியாலான சிறகு

பாராகிளைடரின் சிறகில் எலும்புபோன்ற சட்டம் எதுவும் இல்லை. அது நைலான் துணியால் இரண்டு அடுக்குகளாகத் தைக்கப்பட்டது. அதன் முன்விளிம்பில் உள்ள திறப்புகளின் வழியே புகும் காற்று, உட்புற அறைகளை நிரப்பி விறைப்பூட்டுகிறது. காற்றின் அழுத்தமே அதன் எலும்பு எனலாம். மெல்லிய, ஆனால் வலிமைமிக்க பல கயிறுகள் அச்சிறகைப் பறப்பவரின் தொங்கு இருக்கையோடு பிணைக்கின்றன. அவர் சிறகிலிருந்து ஏறத்தாழ ஏழு மீட்டர் கீழே, ஊசல் குண்டினைப்போல் தொங்குகிறார். 'பிரேக்' எனப்படும் இரண்டு பிடிகள் அவர் கைகளில் உள்ளன. அவற்றை இழுத்தால் சிறகின் பின்விளிம்பு தாழ்ந்து, வேகம் குறையும் அல்லது திசை மாறும்.

சுருட்டி முதுகில் சுமந்து செல்லத்தக்க எளிமை இச்சிறகின் சிறப்பு. அதன் குறையும் அவ்வெளிமையிலிருந்தே பிறக்கிறது. கீழிறங்கும் காற்று சிறகின் ஒரு பகுதியைத் தாக்கினால், அப்பகுதி உள்ளழுத்தம் இழந்து மடிந்துவிடும். ஒருபக்கம் மடிந்தால், சிறகு அப்பக்கமாகத் திரும்பிச் சுழலத் தொடங்கும். முன்விளிம்பு முழுவதும் மடிந்தால், சிறகு ஒருகணம் பின்தங்கிப் பின் முன்னோக்கிப் பாயும். இவை புதுமையான நிகழ்வுகள் அல்ல. காற்றில் நெடுநாள் பறப்பவர் எவரும் இவற்றை என்றேனும் எதிர்கொள்வர்.

இயல்புணர்ச்சி செய்யும் பிழை

தலைக்கு மேலுள்ள சிறகு பாதி மடிந்துவிட்டது எனக் கொள்வோம். உடல் ஒருபக்கம் சரிகிறது. நிலம் சுழல்வதுபோல் தோன்றுகிறது. இந்நிலையில் மனித உடல் தன்னியல்பாகச் செய்வது யாது? கைக்குக் கிடைத்ததை இறுகப் பற்றி இழுப்பதே ஆகும். தடுக்கி விழும் குழந்தையும் அதனைத்தான் செய்கிறது. ஆயின், பறப்பவரின் கையில் இருப்பது பிரேக். அதனை வலிந்து இழுத்தால், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் மறுபாதிச் சிறகும் வேகமிழக்கும். அளவு மீறினால், சிறகின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று அதனைவிட்டுப் பிரிந்து, தாங்கும் விசை அற்றுப்போகும். இதனை 'ஸ்டால்' என்பர். சிறிய இடர் ஒன்று, பறப்பவரின் கையாலேயே பேரிடராக மாறும் இடம் இதுவே.

சரியான செயல்முறை இதற்கு மாறானது. முதலில், உடலின் எடையை மடியாத பக்கத்திற்கு மாற்றுதல் வேண்டும். அடுத்து, அப்பக்கத்துப் பிரேக்கை அளவோடு இழுத்துத் திசையை நிலைப்படுத்துதல் வேண்டும். சிறகு நேராகச் செல்லத் தொடங்கிய பின்னரே மடிந்த பகுதியை விரிக்க முயல வேண்டும். முன்விளிம்பு மடிந்த நிலையிலோ, கைகளை உயர்த்திச் சிறகுக்கு இடம் கொடுத்தால், பெரும்பாலும் அது தானாகவே விரிந்துவிடும். அடுத்து அது முன்னோக்கிப் பாயும்போது மட்டும் அளவறிந்து தடுத்தல் வேண்டும். எப்போது செயற்பட வேண்டும் என்பதோடு, எப்போது கையை அடக்கிக் காத்திருக்க வேண்டும் என்பதையும் அறிந்திருத்தலே இக்கலையின் நுட்பம்.

இவற்றைப் படித்து மனத்தில் இருத்துவது எளிது. ஆனால், அச்சம் எழும் நொடியில் மனம் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. உடல் எதனைப் பழகியிருக்கிறதோ அதனையே செய்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

ஏரியின்மேல் ஒரு வகுப்பு

இக்குறையைப் போக்க அமைந்ததே 'எஸ்.ஐ.வி.' எனப்படும் உயர்நிலைப் பாதுகாப்புப் பயிற்சி. 'பறக்கும்போது நேரும் இடரைப் போலியாக நிகழ்த்துதல்' என்னும் பொருள்தரும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கமே இப்பெயர். பிரான்சின் அன்சி ஏரி, இத்தாலியின் கார்டா ஏரி, துருக்கியின் ஒலுடெனிஸ் கடற்கரை ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்த்சாகர் நீர்த்தேக்கத்தின் மேலும் இத்தகைய பயிற்சி அளிக்கப்படுகிறது. உத்தரகண்டின் டெஹ்ரி ஏரியில் 2023 நவம்பரில் நடந்த வான் விளையாட்டு விழா இப்பயிற்சியின் பெயரையும் தாங்கி நடைபெற்றது.

பயிற்சி தரையில் தொடங்குகிறது. விட்டத்தில் தொங்கவிடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கண்ணால் தேடாமலேயே பிடிகளைத் தொடும் அளவுக்குக் கைகளைப் பழக்குகின்றனர். பின்னர் மலையுச்சியிலிருந்து புறப்பட்டு, நீர்ப்பரப்பின் நடுவே, போதிய உயரத்தில் பயிற்சியைத் தொடங்குகின்றனர். பயிற்சியாளர் கரையில் நின்று வானொலிக் கருவி வழியே ஒவ்வொரு படியையும் அறிவிக்கிறார். பறப்பவர் மிதவைச் சட்டை அணிந்திருப்பார். கீழே மீட்புப் படகு ஆயத்தமாகக் காத்திருக்கும்.

முதலில் சிறகை முன்னும் பின்னும் அசைத்து, அதன் பாய்ச்சலைத் தடுக்கப் பழகுகின்றனர். அடுத்து, கயிற்றை இழுத்துச் சிறகின் சிறுபகுதியை மடித்து விரிக்கின்றனர். பின்னர் பாதிச் சிறகு, அதன்பின் முன்விளிம்பு எனப் படிப்படியாக இடரின் அளவு கூட்டப்படுகிறது. சுருள்போல் சுற்றிக் கீழிறங்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. அச்சுழற்சியில் உடல் தன் எடையைப்போல் மும்மடங்குக்கும் மேற்பட்ட விசையை உணரும். தலைக்குச் செல்லும் குருதி குறைந்து நினைவு தப்பவும் கூடும். ஆகவே, அதிலிருந்து மெல்ல மெல்ல வெளிவரும் முறையே அங்கு முதன்மையான பாடம். ஒவ்வொரு பறத்தலும் ஒளிப்படக் கருவியால் பதிவுசெய்யப்படும். மாலையில் அதனைத் திரையிட்டு, கை எந்த நொடியில் பிழைசெய்தது எனக் காட்டுவர்.

நீர்ப்பரப்பைத் தேர்ந்தெடுப்பது ஏன்? அங்கு மரமோ பாறையோ மின்கம்பியோ இல்லை. வான்குடையில் இறங்க நேர்ந்தாலும் காயமின்றி மீளும் வாய்ப்பு மிகுதி. எனினும், நீரைப் பஞ்சணை எனக் கருதிவிடலாகாது. பெருவேகத்தில் விழுவோர்க்கு நீரும் கடினமான தரையே. ஈரத்துணியும் கயிறுகளும் உடலைச் சுற்றிக்கொண்டால் உயிருக்கு இடர் நேரும். மீட்புப் படகின்றி இப்பயிற்சியை நடத்தலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

ஐரோப்பியத் தர விதிப்படி பாராகிளைடர் சிறகுகள் ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. தேர்ந்த சோதனையாளர்கள் சிறகை வேண்டுமென்றே மடித்து, அது எவ்வாறு மீள்கிறது எனப் பார்த்து வகைப்படுத்துகின்றனர். 'ஏ' வகைச் சிறகு பெரும்பாலும் தானாகவே மீளும் இயல்புடையது. 'டி' வகைச் சிறகு தேர்ச்சிமிக்கவரின் நுட்பமான கட்டுப்பாட்டை வேண்டுவது. தம் திறனுக்கு ஏற்ற சிறகைத் தேர்வதும் பாதுகாப்பின் ஒரு கூறே.

இறுதித் துணை

எல்லா முயற்சியும் பயனற்றுப்போனால் பறப்பவர்க்கு எஞ்சியிருப்பது அவசரகால வான்குடை. அது இருக்கையில் உள்ள ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பிடியைப் பார்த்தல், பற்றுதல், இழுத்தல், தடையற்ற வெளியில் வலிந்து வீசுதல் என்னும் நான்கு செயல்களும் அடுத்தடுத்து நிகழ வேண்டும். வான்குடை விரிந்தபின், பழைய சிறகு அதனோடு போட்டியிட்டு இழுக்காதவாறு கயிறுகளைச் சுருட்டி அடக்குதல் வேண்டும். கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்றே மடித்து இறங்குதல் வேண்டும்.

இதில் கடினமானது வீசும் செயல் அன்று, வீச வேண்டும் என முடிவெடுப்பதே ஆகும். 'இன்னும் ஒருமுறை முயன்றால் சிறகு விரிந்துவிடும்' என்னும் நம்பிக்கை மனத்தைப் பற்றிக்கொள்கிறது. அதற்குள் உயரம் கரைந்துவிடும். உயரம் குறைவாக இருந்தால் மீட்க முயலாமல் உடனே வான்குடையை வீச வேண்டும் என்பதைப் பறப்பதற்கு முன்பே முடிவுசெய்து வைத்தல் வேண்டும். முன்னரே எடுத்த முடிவு, அச்சத்தின் நடுவே மீண்டும் சிந்திக்கும் சுமையைக் குறைக்கிறது.

பயிற்சியின் எல்லை

எத்துணைப் பயிற்சி பெற்றாலும் வெல்ல இயலாத இடர்களும் உண்டு. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா நகருக்கு அருகே உலகப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த செருமானிய வீராங்கனை ஏவா விஸ்நியர்ஸ்கா, இடிமேகம் ஒன்றினுள் இழுக்கப்பட்டார். அவர் 9,946 மீட்டர் உயரம்வரை தூக்கிச்செல்லப்பட்டதை அவருடைய கருவி பதிவுசெய்தது. உயிர்வளி குறைந்து, உடலில் பனி படிந்து, அரைமணி நேரத்திற்கும் மேலாக நினைவிழந்திருந்த அவர் உயிருடன் தரையிறங்கியது அரிய நிகழ்வு. அதே புயலில் சிக்கிய சீன வீரர் உயிரிழந்தார். உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவராயினும் இடிமேகத்தின் முன் திறன் செல்லாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

2015இல் உலகக்கோப்பைப் போட்டி நடைபெற்ற இமாச்சலத்தின் பீர்–பில்லிங், இந்தியாவின் புகழ்மிக்க பறத்தல் களம். உயிரிழப்புகளையும் கண்ட களம் அது. பருவமழைக் காலத்தில், சூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, அம்மாநிலத்தில் இவ்விளையாட்டுக்குத் தடை விதிக்கப்படுகிறது. பறக்காமலிருப்பதற்கும் விதி வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

பயிற்சி பெற்றுவிட்டோம் என்னும் இறுமாப்பும் ஓர் இடரே. ஏரியின்மேல் அமைதியான காற்றில் வேண்டுமென்றே மடிக்கும் சிறகும், மலையருகே சுழற்காற்று திடீரென மடிக்கும் சிறகும் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. ஆகவே, நல்ல பயிற்சியாளர் மீளும் வழியோடு, வானத்தைப் பார்த்து, 'இன்று வேண்டா' எனத் திரும்பி நடக்கும் துணிவையும் கற்பிக்கிறார்.

ஆற்றங்கரைக்கும் உரிய பாடம்

இப்பாடம் வானில் பறப்பவர்க்கு மட்டும் உரியதன்று. முன்னாளில் சிற்றூர்களில் சிறுவர்க்கு நீச்சல் பழக்கியபோது, முதுகில் உலர்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கினர். மேலே கயிற்றைப் பிடித்தபடி பெரியவர் ஒருவர் நின்றார். ஆழத்தின் அச்சத்தை உடல் உணர வேண்டும். உயிருக்கு ஊறு நேரலாகாது. மீட்புப் படகும் மிதவைச் சட்டையும் செய்யும் பணியை அன்று கயிறும் குடுக்கையும் செய்தன.

ஆற்றில் ஒருவர் மூழ்குவதைக் கண்டால், உடனே குதித்துக் காப்பாற்ற வேண்டும் என்பதே இயல்பான உந்துதல். ஆனால், மூழ்குபவர் தம் அச்சத்தில் காப்பாற்ற வந்தவரையும் இறுகப் பற்றி நீருள் இழுத்துவிடுவார். ஒருவரைக் காக்கச் சென்று இருவரை இழந்த துயரங்கள் நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் நிகழ்ந்துள்ளன. கரையில் நின்றபடியே நீண்ட கழியையோ வேட்டியையோ நீட்டுதல், கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிதல், உரத்த குரலில் பிறரை அழைத்தல் ஆகியனவே தக்க வழிகள். இவற்றை அறிந்திருந்தால் மட்டும் போதாது. பள்ளியிலும் ஊரிலும் ஒத்திகையாகப் பழகியிருந்தால்தான் உரிய நொடியில் கை கயிற்றைத் தேடும்.

அச்சம் கொள்வது இழிவன்று. அஞ்சும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அஞ்சாத நேரத்தில் பழகாமல் விடுவதே குறை. அறிந்ததைக் கை பழகும்வரை பயின்று, பயின்ற பின்னும் எல்லை அறிந்து நடப்பவரிடமே துணிவு தன் முழுப்பொருளைப் பெறுகிறது.