430 ஆண்டு பிந்தி வந்த சட்டம்

கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபம் கோபத்தில் எழுதப்பட்ட கடிதம். அவருடைய பெரும்பாலான கடிதங்களில் வாழ்த்தை அடுத்து நன்றி வரும். இதில் எடுத்த எடுப்பிலேயே கண்டனம்தான். கலாத்தியா, இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் அங்காராவை உள்ளடக்கியிருந்த ரோம மாகாணம். கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பவுல் தொடங்கிய சபைகளில் யூதரல்லாதவர்களே மிகுதி. அவர் கிளம்பிப் போனபின் வந்த வேறு சில போதகர்கள், இயேசுவை விசுவாசித்தால் மட்டும் போதாது, மோசேயின் நியாயப்பிரமாணப்படி ஆண்கள் விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். கத்தோலிக்கர் திருச்சட்டம் என்று சொல்வதும் இந்த நியாயப்பிரமாணத்தைத்தான்.

சண்டை வெறும் தத்துவச் சண்டை அல்ல. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது வரை அது போயிற்று. அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு பந்தியில் இருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். இரண்டாம் அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மூன்றாம் அதிகாரத்தில் வாதத்தை எடுக்கிறார்.

விருத்தசேதனம் வேண்டும் என்போருக்கு ஆபிரகாமைவிட வலுவான சாட்சி கிடையாது. ஆதியாகமம் 17-இன்படி அவர் 99 வயதில் அதைச் செய்துகொண்டவர். பவுலோ அதே ஆபிரகாமைத் தன் பக்கம் இழுக்கிறார். அவர் கடவுளை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று அதே நூலின் 15-ஆம் அதிகாரம் சொல்கிறதே என்கிறார். அடுத்து, உறுதியாகிவிட்ட உயிலை எடுத்துக்காட்டுகிறார். அதை யாரும் தள்ளவோ அதில் எதையும் கூட்டவோ முடியாது. ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் முதலில் வந்தது. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் வந்தது 430 ஆண்டுகளுக்குப் பிறகு. பிந்தியது முந்தியதை ரத்து செய்யாது. 430 என்பது யாத்திராகமம் 12-இல் உள்ள கணக்கு. எபிரெய மூலத்தில் அது எகிப்தில் வாழ்ந்த காலம் மட்டுமே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு கானானில் இருந்த காலத்தையும் சேர்க்கிறது. பவுலின் கணக்கு கிரேக்கப் பாடத்தோடு பொருந்துகிறது.

அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்கு? இந்தக் கேள்வியை 19-ஆம் வசனத்தில் பவுலே எழுப்புகிறார். மீறுதல்களின் நிமித்தம், குறிப்பிட்ட காலம் வரைக்கும் அது கூடுதலாகக் கொடுக்கப்பட்டது என்பது பதில். இதை விளக்க அவர் எடுப்பது அன்றைய வசதியான வீடுகளில் இருந்த ஓர் அடிமையை. பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்துவருவது, அவன் சாமான்களைச் சுமப்பது, நடத்தையைக் கண்காணிப்பது, தேவைப்பட்டால் பிரம்பை எடுப்பது எல்லாம் அவன் வேலை. பாடம் சொல்லித் தருபவன் அல்ல. பையன் வளர்ந்து ஆளானதும் அந்த அடிமையின் அதிகாரம் முடிந்துவிடும். நியாயப்பிரமாணத்தைப் பவுல் கெட்டது என்று சொல்லவில்லை, அதன் காலம் முடிந்தது என்கிறார்.

மார்ட்டின் லூதர் 1531-இல் இந்த நிருபத்தைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 1535-இல் அது நூலாயிற்று. நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது என்பதே அவர் இதில் கண்ட பொருள். 1977-இல் விவிலிய அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் இதை மறுத்தார்: பவுல் காலத்து யூதர்கள் சட்டத்தைக் கைக்கொண்டது கடவுளின் கிருபையைச் சம்பாதிப்பதற்காக அல்ல, ஏற்கெனவே பெற்ற கிருபைக்கு மறுமொழியாக. அவரைத் தொடர்ந்த ஜேம்ஸ் டன், பவுல் எதிர்த்தது யூதரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டிய விருத்தசேதனம், உணவு விதி போன்றவற்றையே என்றார். அந்தியோகியாப் பந்தியை நினைத்தால் டன் சொல்வது பொருந்துகிறது. ஆனால் சட்டத்தில் எழுதிய அனைத்தையும் செய்யாதவன் மேல் சாபம் என்னும் மூன்றாம் அதிகாரத்தின் 10-ஆம் வசனம் அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. அங்கே லூதரின் வாசிப்புக்கே பலம் அதிகம்.

யாக்கோபின் நிருபமும் ஆதியாகமத்தின் அதே வசனத்தைக் காட்டித்தான் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறது. லூதருக்கு அந்த நிருபம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. ஆனால் பவுலும் ஐந்தாம் அதிகாரத்தில், அன்பினால் செயல்படும் விசுவாசத்தைப் பற்றியே பேசுகிறார். மீட்பு கிருபையால் வருவது, நற்செயல்கள் அதன் கனிகள் என்னும் கூட்டறிக்கையில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதை ஏற்றுக்கொண்டனர்.