பாதி மேலங்கி



நவம்பர் என்றால் நமக்கு மழை. கல்லறைத் திருநாளன்று ஏற்றி வைத்த மெழுகுதிரி அடுத்த தூறலில் அணைந்துவிடுகிறது. ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்கள் நனைந்த குடையை எங்கே சாய்த்து வைப்பது என்று இடம் தேடுகிறார்கள். இதே நாள்களில் ஐரோப்பாவின் வடபகுதியில் இலையுதிர் காலம் முடிவுக்கு வருகிறது. மரங்கள் மொட்டையாகி நிற்கும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர் வந்துவிடும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ இன்னும் ஆறு வாரம் இருக்கும். அந்த இருட்டின் நடுவில்தான் நவம்பர் 11ஆம் நாள், தூர் நகர ஆயர் புனித மார்ட்டினின் திருநாள் வருகிறது.

நம் பங்குகளில் புனித மார்ட்டின் என்றதும் கையில் துடைப்பத்தோடு நிற்கும் மார்ட்டின் தெ போரஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவர் பெரு நாட்டவர், அவருடைய திருநாள் நவம்பர் 3. இன்று நான் சொல்லப்போவது அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு படைவீரரைப் பற்றி.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரைப் பங்கு ஒன்றில் சில மாதங்கள் உதவி செய்தபோது இந்த விழாவை நேரில் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே காகிதத்தில் செய்த விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவெல்லாம் பாடிப் போகிறார்கள். முன்னால் சிவப்பு மேலங்கி அணிந்த ஒருவர் குதிரையில் வருகிறார். ஊர்வலம் ஒரு திடலில் நிற்கும். பெரிய நெருப்பு மூட்டுவார்கள். அதன் அருகே கந்தல் கட்டிக்கொண்டு ஒரு பையன் குளிரில் நடுங்குவதுபோல் உட்கார்ந்திருப்பான். குதிரைக்காரர் வாளை உருவி மேலங்கியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அவன்மேல் போர்த்துவார். பிறகு பிள்ளைகளுக்கு மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும். அதற்கு உலர்திராட்சையில் கண்கள் வைத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால், பாதிப் பிள்ளைகளின் கவனம் அந்த ரொட்டியில்தான்.

எர்ஃபுர்ட் நகரில் இது முந்தின நாள் மாலையே, பேராலயத் திடலில், கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் ஒன்றுகூடிக் கொண்டாடும் விழா. மார்ட்டின் லூத்தர் பிறந்தது 1483 நவம்பர் 10. மறுநாள் திருமுழுக்குப் பெற்றதால் அந்த நாளின் புனிதருடைய பெயரே அவருக்கும் வைக்கப்பட்டது. சபைகள் பிரிந்தும் அந்தப் பெயர் இரு பக்கமும் நிலைத்துவிட்டது.

சரி, நடந்தது என்ன? மார்ட்டினை நேரில் அறிந்த சுல்பீசியுஸ் செவேருஸ் என்பவர் அவருடைய வரலாற்றை எழுதியிருக்கிறார். மார்ட்டின் இன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். தந்தை உரோமைப் படை அதிகாரி. படைவீரரின் மகன் படைக்குப் போயே ஆகவேண்டும் என்ற சட்டத்தால் 15 வயதில் சேர்க்கப்பட்டார். பிரான்சின் வடக்கே உள்ள ஆமியான் நகர வாயிலில், கடுங்குளிர் காலத்தில், உடுத்த ஒன்றுமில்லாத பிச்சைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். எல்லோரும் கடந்து போனார்கள். மார்ட்டினிடம் அப்போது கொடுப்பதற்கு எதுவுமில்லை. கையில் இருந்ததை முன்பே மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மீதி இருந்தது உடம்பில் கிடந்த மேலங்கி ஒன்றுதான்.

ஓவியர்கள் அவரை எப்போதும் குதிரைமேல் ஏற்றிவிடுகிறார்கள். அந்த வரலாற்று நூலில் இந்த இடத்தில் குதிரையே இல்லை. நடந்து வந்தவராகவே நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அப்போது அவர் ஆயரும் இல்லை, துறவியும் இல்லை. திருமுழுக்குக்கூட இன்னும் பெறவில்லை, அதற்காகத் தயாரித்துக்கொண்டிருந்த இளைஞர்.

'ஏன் பாதி? முழுவதையும் கொடுத்திருக்கலாமே' என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. முழுவதையும் கொடுத்திருந்தால் குளிரில் நடுங்கும் ஆள் மாறியிருப்பார், அவ்வளவுதான். இரண்டு பேர் இருந்தார்கள், ஒரு மேலங்கி இருந்தது. அவர் கணக்கு அப்படிப் போயிருக்கிறது. மீதிப் பாதியைப் போர்த்திக்கொண்டு அவர் நடந்தபோது, பார்க்க அலங்கோலமாக இருந்ததால் சிலர் சிரித்தார்கள் என்று சுல்பீசியுஸ் எழுதுகிறார். வேறு சிலர் சிரிக்கவில்லை. அவரைவிட அதிகம் வைத்திருந்தும் தாங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்று வருந்தினார்கள். அன்றிரவு கனவில், அந்தப் பாதி மேலங்கியை அணிந்தவராக ஆண்டவர் இயேசு மார்ட்டினுக்குத் தோன்றினார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் அந்த இளைஞருக்கு அப்படி விளங்கியது.

பின்னாளில் அவர் துறவியானார். தூர் நகர மக்கள், நோயாளியைப் பார்க்க வாருங்கள் என்று பொய் சொல்லி வெளியே வரவழைத்து, அவரை ஆயராக்கினார்கள். ஆயர் பதவிக்குப் பயந்து வாத்துக் கொட்டிலில் ஒளிந்தார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன என்பது பின்னால் வந்த கதை. அவர் திருநாளில் வாத்துக்கறி சமைப்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் அது. உண்மையான காரணம் வேறு. 397இல் நவம்பர் 8 அன்று இறந்த அவரை அடக்கம் செய்தது 11ஆம் நாள். அறுவடை முடிந்து வாத்து கொழுத்திருக்கும் நேரமும் அதுவே. நிலக் குத்தகையைச் செலுத்துவதும், பண்ணையாள்களின் கணக்கை முடித்து அனுப்புவதும் பல நாடுகளில் அந்த நாளில்தான். மறுநாள் முதல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான நோன்பு தொடங்கிவிடும். நம் திருவருகைக் காலத்தின் பழைய வேர்களில் ஒன்று அந்த நோன்பு. மிலான் மறைமாவட்டத்தின் வழிபாட்டு முறையில் இன்றும் திருவருகைக் காலம் புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு தொடங்கி ஆறு வாரம் நீடிக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டு குளிருக்குத் தயாராகும் அதே நாளில், இன்னொருவன் கணக்கு முடிந்து வேலையில்லாமல் தெருவுக்கு வருகிறான். அந்த நாளின் புனிதராக ஒரு பிச்சைக்காரருக்குப் போர்த்தியவர் நிற்கிறார்.

அந்த மேலங்கியைப் பிராங்கு அரசர்கள் திருப்பண்டமாகப் பாதுகாத்தார்கள். மேலங்கிக்கு இலத்தீனில் 'கப்பா'. அது வைக்கப்பட்ட சிறு கோவிலுக்குக் 'கப்பெல்லா' என்று பெயர் வந்தது. நாம் 'சாப்பல்' என்கிறோமே, அந்தச் சொல் இதுதான். படைகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் 'சாப்ளின்' குருக்களின் பெயரும் அங்கிருந்தே வந்தது.

இந்தச் சொல் நம்மையும் ஓரிடத்தில் தொடுகிறது. முதல் உலகப்போர் முடிந்தது 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு. அது மார்ட்டினின் திருநாள். ஆயுதம் ஏந்தமாட்டேன், வேண்டுமானால் வெறுங்கையோடு படைக்கு முன்னால் நிற்கிறேன் என்று பேரரசரிடமே சொன்னவர் அவர். போர் முடிந்த நாளை இன்றும் பல நாடுகள் இரண்டு நிமிட மௌனத்தோடு நினைவுகூர்கின்றன. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சில் இறங்கிய முதல் வீரர்களிடம் இருந்தது வெப்பநாட்டுப் பருத்திச் சீருடை. குளிருக்கான மேலங்கிகள் தாமதமாகவே வந்தன. 1915 மார்ச்சில் அவர்கள் போரிட்ட ஊரின் பெயர் நவ் சப்பெல், அதாவது 'புதுச் சிற்றாலயம்'. கல்லறைகூட அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் நினைவிடம் இன்று அங்கே இருக்கிறது. ஒரு மேலங்கியிலிருந்து பிறந்த பெயர்கொண்ட ஊரில், மேலங்கி நேரத்தில் கிடைக்காதவர்களின் நினைவு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் அறிவித்து, 2017 முதல் நாம் கடைப்பிடிக்கும் உலக வறியோர் நாளும் இதே நவம்பரில், பொதுக்காலம் 33ஆம் ஞாயிறன்று வருகிறது. அதனால் என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்காகத் துணி சேகரித்தோம். இரண்டே நாளில் மூட்டைகள் குவிந்தன. பெருமையாக இருந்தது. கொண்டுபோய்ப் பிரித்தால், கொக்கி போன ரவிக்கைகள், சாயம் போன சட்டைகள். ஒரு பாட்டி ஒரு புடவையை விரித்துப் பார்த்தார். நடுவில் முழநீளக் கிழிசல். "சாமி, இது தரை துடைக்க ஆகும்" என்று, கோபமே இல்லாமல், மடித்துத் திரும்பக் கொடுத்தார். அந்த மூட்டைகளில் ஒன்று என் அறையிலிருந்து நானே கட்டியது.

அன்றிரவு என் அலமாரியைத் திறந்தேன். விழாக்களில் போர்த்திய சால்வைகள், உறைகூடப் பிரிக்காமல், பதினேழு இருந்தன. குளிருக்கென்று நான் வைத்திருந்த கம்பளிகள் இரண்டு. காலையில் சால்வைகளையும் ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி கம்பளியை வாங்கிப் பேரனுக்குப் போர்த்திவிட்டு, பக்கத்துக் குடிசைப் பெண்ணைக் காட்டி, "அவளுக்கும் இதுமாதிரி ஒண்ணு இருக்கா, சாமி?" என்று கேட்டார்.