கஹ்ரபா: பிசினில் உறைந்த சான்று

அரபு மொழியில் இன்று மின்சாரத்தைக் குறிக்கும் 'கஹ்ரபா' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்ததாகும். 'காஹ்' என்பது வைக்கோல்; 'ருபா' என்பது கவர்வது. தேய்த்தால் துரும்பை இழுக்கும் பொன்னிறக் கல்லுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. நறுமணப் பொருளாக நாம் அறிந்த அம்பர் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. கஹ்ரபாவோ, பண்டை மரங்களின் பிசின் மண்ணுள் புதைந்து, பல இலட்சம் ஆண்டுகளில் இறுகியதாகும்.

மரப்பட்டை காயமுற்றால் பிசின் கசிகிறது. அதில் ஒட்டிய எறும்பையும் கொசுவையும் அடுத்து வழியும் பிசின் மூடிவிடுகிறது. காற்றும் நீரும் எளிதில் அணுகாமையால் அழுகல் தடைப்படுகிறது. பாறையில் அரிதாகவே பதியும் மென்னுடல் உயிர்களின் சிறகு நரம்பும் மயிரும்கூட இதனுள் புலனாகின்றன.

இச்சான்றின் வலிமைக்குக் குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நல்ல எடுத்துக்காட்டு. அங்குக் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுத் தொன்மையுள்ள பிசின் கற்களைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி இன உயிர்கள் அவற்றுள் காணப்பட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்த இந்திய நிலம் நெடுங்காலம் தீவாக மிதந்து ஆசியாவை அடைந்தது. ஆதலின், வேறெங்கும் இல்லாத உயிரினங்களே அதில் நிறைந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இப்பூச்சிகளுட் பல, ஐரோப்பா, ஆசியா முதலிய நிலங்களின் இனங்களோடு உறவுடையனவாக இருந்தன. தனிமை நாம் எண்ணிய அளவுக்கு முழுமையானதன்று என்பது தெளிவாயிற்று. மேலும், அப்பிசின் குங்கிலிய மரக் குடும்பத்தைச் சார்ந்தது. எனவே அக்குடும்ப மரங்கள் அடர்ந்த வெப்பமண்டலக் காடு அன்றே இங்கிருந்தது எனவும் அறிகிறோம்.

எனினும், சாட்சி மெய்யே உரைப்பினும் அது நின்ற இடத்தையும் நாம் நோக்க வேண்டும். பிசின், அடிமரத்தை அண்டி வாழ்ந்த சிற்றுயிர்களையே மிகுதியாகப் பற்றும், பெருவிலங்குகள் தப்பிவிடும். மடகாஸ்கரில் இன்றைய பிசின் மரங்களில் நடத்திய ஆய்வும் (2018) இதனையே உறுதிப்படுத்தியது. ஆகவே, பிசினில் இல்லாதது காட்டிலும் இல்லை என முடிவுகட்டலாகாது.

வஸ்தானில் நிலக்கரி தோண்டப்பட்டது மின் உற்பத்திக்காகவே. எவர் கண்ணிலும் படாத பிசின் துண்டு, கரியோடு கரியாய் உலையில் எரிந்துவிடும். ஒரு 'கஹ்ரபா'வுக்காக மற்றொரு 'கஹ்ரபா' அழிவதற்கு முன் அதனைப் பொறுக்கிக் காப்பது அறிவுடையோர் கடனாகும்.